யாருக்குக் கொறையுது?

1

நாங்கள் மெல்பேர்னில் வந்து இறங்கிய நாளை என் கணவர் வருடா வருடம் கேக் வாங்கிக் கொண்டாடுவார். கல்யாண நாளை மறந்துவிடுவார், இதை மட்டும் மறக்கமாட்டார். இந்த வருடம் அவர் கேக்கை வெட்டும் நேரத்தில் நான் மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் எங்கள் கம்பெனியின் ஹட்டன் கிளை செய்த அந்த வாரத்து வேலை தெரிந்தது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கட்டம். சொன்ன அளவு வேலையை முடித்தவருக்குப் பச்சை, குறைந்தவருக்குச் சிவப்பு. ஹட்டனில் எல்லாமே பச்சை. போன வாரமும் பச்சை. அதற்கு முந்தின வாரமும் பச்சை.

மலைநாட்டில் பிறந்தவள் பச்சையைப் பார்த்துப் பயப்படலாமா என்று கேட்பீர்கள். தேயிலைக்கு வெளியே இவ்வளவு சீரான பச்சையை நான் எங்கும் கண்டதில்லை. மெல்பேர்ன் அலுவலகத்தில் சிவப்பு இருக்கிறது. மணிலாவில் இருக்கிறது. மனுஷர் வேலை செய்யும் இடத்தில் ஒருத்தருக்காவது தலைவலி வரும், ஒருத்தர் வீட்டிலாவது பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கும். ஹட்டனில் மட்டும் யாருக்கும் எதுவும் வருவதில்லையாம்.

“இதுல ஏதோ இருக்கு” என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

“கேக்லயா?” என்றார் கணவர், கத்தியைப் பாதியில் நிறுத்தி.

என் பெயர் லெச்சுமி. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, நுவரெலியாவில் படித்து, கொழும்பில் கணினி வேலை பார்த்து, இங்கே வந்து சேர்ந்தவள். தகவல் தொழில்நுட்ப சேவைக் கம்பெனி ஒன்றின் தலைமைக் குழுவில் இருக்கிறேன். மற்றக் கம்பெனிகளின் கணினித் தொல்லைகளைத் தீர்த்துவைப்பது எங்கள் பிழைப்பு. கடவுச்சொல்லை மறந்தவர், கணக்கு பூட்டிக்கொண்டவர், சம்பளச் சீட்டு திறக்க முடியாதவர் என்று ஆளாளுக்கு எழுதி அனுப்பும் ஒவ்வொரு முறைப்பாட்டுக்கும் ‘டிக்கெட்’ என்று பெயர். ஹட்டன் நகரத்தில் ஓர் இரும்புக்கடைக்கு மேல்மாடியில் எங்களுக்கு ஒரு கிளை உண்டு. தோட்டத்துப் பிள்ளைகள் படித்துவிட்டுக் கொழும்பில் அறை எடுத்துத் திண்டாட வேண்டாம், வீட்டிலிருந்தே வந்துபோகட்டும் என்று நான் சண்டை பிடித்து வாங்கிய கிளை அது.

இப்போது கம்பெனியை ஏஐ காலத்துக்கு மாற்றும் பொறுப்பும் என் தலையில்தான். புதிய ஏற்பாட்டில் டிக்கெட்டுக்குப் பதிலை மெஷின் எழுதும். நம் ஆள் படித்துத் திருத்தி அனுப்ப வேண்டும். யார் எத்தனை முடித்தார் என்று மெஷினே எண்ணும். வேகமானவர்களின் கணக்கைப் பார்த்து, அடுத்த வாரம் எல்லோரும் எத்தனை முடிக்க வேண்டும் என்றும் அதுவே சொல்லும். காலாண்டு முடிவில் அடியில் இருப்பவர்கள் வீட்டுக்குப் போவார்கள். வீட்டுக்கு அனுப்புவது என்று யாரும் சொல்வதில்லை, ‘விடுவிப்பு’ என்பார்கள். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள்!

தலைவர்களுக்கும் ஒரு கட்டம் உண்டு. ஆளுக்கொரு புதிய சேவையைக் காலாண்டுக்குள் கொண்டுவர வேண்டும். என் கட்டம் சிவப்பாக இருந்தது.

2

என் சந்தேகப் புத்தி அம்மாவிடமிருந்து வந்தது. அம்மா கொழுந்து பறித்தவர். மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், அவர் தராசு முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவே மாட்டார். ஈரத்துக்கு இவ்வளவு, கூடைக்கு இவ்வளவு என்று கணக்கப்பிள்ளை கழித்துக்கொண்டே போவார். அவர் கழிக்கும் ஒவ்வொன்றையும் அம்மா திருப்பிச் சொல்லிக் கேட்பார். “ஏம்மா, என் மேல நம்பிக்கை இல்லியா?” என்று கணக்கப்பிள்ளை எரிந்து விழுவார். “ஒங்க மேல இருக்குங்க, தராசு மேலதான் இல்ல” என்பார் அம்மா.

அந்தத் தராசைப் பற்றி இன்னொன்று. ஒரு நாளைக்கு இத்தனை கிலோ என்று தோட்டம் வைத்திருக்கும். அது குறைந்தால் அரைப்பேர், அதாவது முழுநாள் மலையில் நின்றும் அரைநாள் கணக்கு. கொழுந்து கொட்டோ கொட்டென்று வரும் காலத்தில் அந்தக் கிலோவை ஏற்றுவார்கள். வெயில் காலம் வந்து செடி காய்ந்து நிற்கும்போது இறக்க மறந்துவிடுவார்கள். எவ்வளவு ஞாபகசக்தி உள்ள துரை தோட்டத்தை நடத்த வந்தாலும் இறக்குவதை மட்டும் மறப்பார்.

ஆகவே, வேகமானவரைப் பார்த்து எல்லோருக்கும் அளவை ஏற்றும் மெஷினைப் பற்றி முதன்முதலில் கேட்டபோதே எனக்கு அந்தத் தராசு ஞாபகம் வந்தது. ஆனாலும் தலையாட்டினேன். பெரிய மேசையைச் சுற்றி எல்லோரும் தலையாட்டும்போது ஒருத்தி மட்டும் ஆட்டாமல் இருந்தால் அதற்கும் ஒரு பெயர் வைப்பார்கள்.

3

கேக் சாப்பிட்டு இரண்டு நாள் கழித்து, எங்கள் தலைமை அதிகாரி கிரஹாம் என்னை அழைத்தார். நல்ல மனிதர்தான். என்னை ‘லக்ஷ்’ என்பார். லெச்சுமி என்று சொல்லிக் கொடுத்துக் கொடுத்து நானும் விட்டுவிட்டேன்.

மெஷினின் பாதுகாப்புப் பகுதி ஹட்டனைப் பற்றி ஓர் எச்சரிக்கை விட்டிருந்தது. ஊழியர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒரே வீட்டு விலாசத்தில் வசிக்கிறார்கள். எல்லோரும் ஒரே அளவு வேலை செய்கிறார்கள். இவர்கள் உண்மையான ஆட்கள்தானா, அல்லது இரண்டு மூன்று பேர் பல பெயர்களில் சம்பளம் எடுக்கிறார்களா?

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. காம்பரா என்னும் லயத்து அறைகளுக்குத் தனி விலாசம் கிடையாது என்பதை ஊரில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மெல்பேர்னில் அதை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள், தெரியும். தோட்டத்தின் பெயர், ஹட்டன். அவ்வளவுதான் விலாசம்.

“அப்படியானால் தபால்காரர் வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பார்?” என்று கேட்டார் கிரஹாம்.

“அவர் வீட்டுக்கு வருவதில்லை. தோட்டத்து ஆபீசில் கொடுத்துவிட்டுப் போவார்.”

“அங்கிருந்து?”

“யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள்.”

“யார்?”

“யாராவது.”

சொல்லச் சொல்ல என் வாயிலிருந்து வருவது எனக்கே பொய்யாகக் கேட்டது. வேலைக்கு நேர்முகம் வருமென்று காத்திருந்து, கடிதம் ஆபீஸ் மேசையில் கிடந்து நாள் தாண்டிப் போன கதைகள் எங்கள் லயத்தில் எத்தனை! அவற்றைச் சொன்னால் இன்னும் மோசமாகும் என்று நிறுத்திக்கொண்டேன்.

“விலாசம் சரி என்றே வைத்துக்கொள்வோம்” என்றார் கிரஹாம். “வேலை எப்படி எல்லோருக்கும் ஒரே அளவு வருகிறது?”

 எனக்கும் அதே சந்தேகம்தானே. கிளையை மூடுவதா வேண்டாமா என்று குழு முடிவெடுக்கும் முன் உண்மையைக் கண்டுபிடித்துச் சொல்லும்படி கேட்டார். கேட்டார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன்.

4

ஹட்டன் கிளையின் பொறுப்பாளர் சசிகுமார். கொட்டகலைப் பக்கத்துத் தோட்டத்துப் பையன். இப்போது இரண்டு பிள்ளைகளின் தகப்பன், இருந்தாலும் எனக்குப் பையன்தான். அவனுக்குக் காலை, எனக்கு மதியச் சாப்பாட்டு நேரம். கூப்பிட்டேன்.

“சசி, வசந்தா எப்படி இருக்கா?”

வசந்தா கிளையில் புதிதாகச் சேர்ந்தவள். அவளுடைய அம்மாவை மலையில் குளவி கொட்டி ஆஸ்பத்திரியில் வைத்திருப்பதாகப் போன மாதம் சசியே சொல்லியிருந்தான்.

“ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்குமா அலையுதுங்க அக்கா. பாவம்.”

“அப்ப வேலை கொறையுமே?”

 அந்தப் பக்கம் கீழே இரும்புக்கடையில் யாரோ கம்பி வெட்டும் ஒலி கேட்டது.

“இல்லைங்க அக்கா. சமாளிச்சிக்குது.”

“எப்படிச் சமாளிக்குது?”

“கெட்டிக்காரப் புள்ளைங்க அக்கா” என்றான். பிறகு மழை, ரோடு, கரட் விலை என்று பேச்சை மாற்றினான். சசி கரட் விலை பேசினால் எதையோ மறைக்கிறான் என்று அர்த்தம்.

என் மகள் திவ்யா அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பல்கலைக்கழகத்தில் இருக்கிறாள். தமிழ் புரியும், பேசுவது விருந்தாளி வந்தால் மட்டும்.

“பொலிஸ் மாதிரிப் பேசுறீங்க அம்மா” என்றாள். பிறகு ஆங்கிலத்தில், உங்க ஆளுங்க ஏமாத்துறாங்களா என்று கேட்டாள்.

உங்க ஆளுங்க. அந்த ‘உங்க’ எனக்குச் சுருக்கென்றது. நம்ம ஆளுங்க என்று திருத்த வாயெடுத்து, நானே அவர்களைத் திருடர்களாக நினைத்து விசாரித்துக்கொண்டிருப்பது நினைவுக்கு வந்து மூடிக்கொண்டேன். அன்று மாலையே விமானச் சீட்டு எடுத்தேன். சசியிடம் சொல்லவில்லை.

5

பிறந்த நாட்டுக்குப் போக விசா வேண்டும். கட்டுநாயக்க விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி என் ஆஸ்திரேலியக் கடவுச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறந்த இடம் ஹட்டன் என்று இருந்தது. எந்த ஊர், எந்த வீடு, யார் வீட்டில் தங்கல் என்று சிங்களத்தில் விசாரித்தார். ஒரு காலத்தில் தண்ணீர் மாதிரி வந்த சிங்களம் இப்போது பாதி வந்து பாதி நின்றது. தங்கும் விலாசம் என்ற இடத்தில் கிளை இருக்கும் கடைத்தெருவை எழுதினேன். எங்கள் காம்பராவில் இப்போது வேறு குடும்பம் இருக்கிறது. நாங்களே இருந்திருந்தாலும் எதை எழுதியிருப்பேன்?

இரும்புக்கடைக்குப் பக்கத்துப் படியில் நான் ஏறியது பின்னேரம். மழை பிசுபிசுவென்று தூறிக்கொண்டிருந்தது. வாசலில் குடைகளும் சேற்றுச் செருப்புகளும் குவிந்து கிடந்தன. கதவு பாதி திறந்திருந்தது. முதல் வேலையாக ஆட்களை எண்ணினேன். வசந்தாவைத் தவிர எல்லோரும் இருந்தார்கள், உயிரோடு, கம்பளிச் சட்டையோடு, ஒரு பையன் கொட்டாவியோடு. போலிப் பெயர் ஒன்றுகூட இல்லை. அந்தப் பாரம் இறங்கியது.

உள்ளே போகக் காலெடுத்த நேரத்தில், ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து, கைகளை உதறிக்கொண்டு, அறைக்குப் பொதுவாகச் சத்தம் போட்டாள்.

“யாருக்குக் கொறையுது?”

இரண்டு மூன்று கை உயர்ந்தது. சட்டென்று நாலைந்து பேர் எழுந்தார்கள். கை தூக்கியவர்கள் தங்கள் நாற்காலியை விட்டு நகர, வந்தவர்கள் அதில் உட்கார்ந்து, அவர்கள் பெயரில் திறந்திருந்த டிக்கெட்டுகளை முடிக்கத் தொடங்கினார்கள். வசந்தாவின் நாற்காலி வெறுமையாக இருந்தது. அவள் ஆஸ்பத்திரியில் இருந்திருப்பாள். அதிலும் ஒருத்தி போய் உட்கார்ந்தாள்.  விசைப்பலகைச் சத்தம் மட்டும் கேட்டது.

 அந்தக் கேள்வி எனக்குத் தெரியும். மடுவத்தில் தராசைத் தூக்கி மாட்டும் முன், கொழுந்து கூடுதலாக இருக்கும் பெண்கள் இப்படித்தான் கேட்பார்கள். குறைந்தவள் பேசாமல் கூடையை முன்னே நகர்த்துவாள். இவள் முகத்தைப் பார்க்காமல் இரண்டு கை அள்ளிப் போட்டுவிட்டுப் போவாள். வாங்கியவள் நன்றி சொல்லக் கூடாது. சொன்னால் கணக்கப்பிள்ளை காதில் விழும், இரண்டு பேருக்கும் கழியும். வாங்கியவளுக்கு ஒரே ஒரு கடமை உண்டு. அடுத்த நாள் அவள்தான் முதலில் கேட்க வேண்டும்.

அம்மா காய்ச்சலோடு மலைக்குப் போன நாட்களில் அவர் கூடை எப்படி நிறைந்தது என்று எனக்குத் தெரியும். அப்போது அதை யாரும் ஏமாற்று என்று சொல்லவில்லை. இப்போது அதே வேலையைத் திரையில் செய்கிறார்கள், நான் கடல் தாண்டி வந்து கண்டுபிடித்திருக்கிறேன். தூ என்றிருந்தது எனக்கு என்னை நினைத்து.

6

என்னைக் கண்டதும் சசியின் முகம் செத்துவிட்டது. எல்லோரும் வீட்டுக்குப் போனபின் இருவரும் உட்கார்ந்தோம். தேத்தண்ணி வந்தது, ஆறியது.

“அடுத்தவன் பேர்ல உள்ள போயி வேலை செய்றது எவ்வளவு பெரிய தப்புன்னு தெரியுமா சசி? இது வெளியில தெரிஞ்சா அத்தனை பேருக்கும் வேலை போகும்.”

“தெரியுங்க அக்கா.”

“அப்புறம் ஏன் செஞ்சீங்க?”

“செய்யாட்டி ஒவ்வொருத்தரா போவாங்க. செஞ்சு மாட்டினா எல்லாரும் ஒண்ணா போவோம்” என்றான். குரலில் பயம் இருந்தது, வெட்கம் இல்லை. “இன்னொன்னும் இருக்குங்க அக்கா. நீங்க கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி நானே சொல்லிர்றேன். வேகமா செய்ற புள்ளைங்க இருக்காங்க. மத்தியானத்துக்குள்ள முடிச்சிருவாங்க. முடிச்சா மெஷின் அடுத்த வாரம் எல்லாருக்கும் ஏத்திப்புடும். அதனால சொன்ன அளவோட நிறுத்திருவோம். கைவசம் இருக்கிறதைக் கொறையிறவங்களுக்குக் குடுத்துருவோம்.”

“மிச்ச நேரத்துல?”

“சும்மா இருக்கலீங்க. ஏதாச்சும் நோண்டிக்கிட்டிருப்பாங்க” என்று மழுப்பினான்.

நான் ஒரு வழி சொன்னேன். ஆளாளுக்கு எண்ணாமல் முழுக் கிளையையும் ஒரே கூடையாக நிறுக்கச் சொல்லிக் கேட்கிறேன், இந்த நாற்காலி மாற்றம் தேவைப்படாது என்றேன். பெரிய தீர்வைக் கண்டுபிடித்தவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

சசி என்னையே பார்த்தான். “ஒண்ணா எண்ணுனா, முழு வேலையும் எத்தனை மணிக்கு முடியுதுன்னு தெரிஞ்சிருமே அக்கா. பாதி ஆளு போதும்னு சொல்லிட்டாங்கன்னா?”

அப்படித்தான் சொல்வார்கள் என்று எனக்கும் தெரியும்.

“கோவிச்சிக்காதீங்க. கேட்டுப்புடுறேன்” என்றான். “நீங்க இப்ப எந்தப் பக்கங்க அக்கா? தொரை பக்கமா?”

“வாயை அளந்து பேசு!” என்று கத்தினேன். கத்திவிட்டு ஆறிய தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தேன். திரும்பும் வழியில் ரயில் ஜன்னலுக்கு வெளியே ஸ்டேஷன் போர்டுகள் ஒவ்வொன்றாகப் போனபோதும் அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை என்பது உறைத்துக்கொண்டே இருந்தது.

7

கிரஹாமிடம் ஆட்கள் அனைவரும் நிஜம் என்றேன். லயங்களின் படத்தையும் காட்டினேன். வேலை ஒரே அளவு வருவதற்குக் காரணம் அவர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்வது என்றேன். எப்படி உதவுகிறார்கள் என்று கேட்டார். சசி பயந்தது நினைவிருந்தும் வேறு வழி தெரியாமல், இனிமேல் அவர்களை ஒரே கூட்டமாக எண்ணுங்கள், கணக்குக்கு நான் பொறுப்பு என்றேன். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்பது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும்.

“உன் பொறுப்பு என்றால் உன் நாற்காலியும்தான்” என்றார், சிரித்துக்கொண்டே. “காலாண்டு வரை பார்ப்போம். ஆனால் லக்ஷ், உன் கட்டமே இன்னும் சிவப்பாக இருக்கிறது.”

என் கட்டம் பச்சையாகாவிட்டால் நான் போவேன். நான் போனால் ஹட்டனுக்காக வாயைத் திறக்க ஆள் இல்லை, கிளையை மறுநாளே மூடுவார்கள். புதிய சேவை, புதிய சேவை என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். எனக்கு ஆட்களை நடத்தத் தெரியும், சண்டை பிடிக்கத் தெரியும். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்து விற்கத் தெரியாது. ஹட்டனில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. ஆனால் அந்தத் திரை எல்லோருக்கும் பொதுவானது. என் சிவப்பை அவர்களும் தினமும் பார்த்திருக்கிறார்கள்.

காலாண்டு முடிய ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு காலையில் திரையைத் திறந்தால் என் கட்டம் மஞ்சளாக இருந்தது. மஞ்சள் என்றால் சமர்ப்பித்தாயிற்று, குழுவின் பார்வைக்குக் காத்திருக்கிறது என்று அர்த்தம். என் பெயரில் ஒரு புதிய சேவை போயிருந்தது. நான் எதுவும் அனுப்பவில்லை.

திறந்து படித்தேன். எங்கள் வாடிக்கையாளர்களில் பழத்தோட்டங்களுக்குப் பருவகால ஆட்களை அனுப்பும் கம்பெனி ஒன்று உண்டு. அந்த ஆட்கள் தோட்டத்து விடுதிகளில் கூட்டமாகத் தங்குவார்கள். எல்லோருக்கும் ஒரே விலாசம். ஒரே விலாசத்தைக் கண்டதும் மெஷின் மோசடி என்று கணக்கைப் பூட்டிவிடும். அந்தப் பூட்டைத் திறக்கக் கேட்டு வரும் டிக்கெட்டுகள்தான் ஹட்டனுக்கு மலைபோல் வருகின்றன. அதற்கு ஒரு மாற்று எழுதியிருந்தார்கள். ஒரே விலாசத்தைக் கண்டால் பூட்டாமல், எந்த விடுதி, எந்த வரிசை, எந்த அறை, உன் கடிதத்தை யார் வாங்கி வைப்பார் என்று மெஷினே கேட்கும். பதிலை மேற்பார்வையாளரிடம் சரிபார்த்து உள்ளே விடும். சின்ன விஷயம். ஓட்டிப் பார்த்தேன், அருமையாக ஓடியது.

சசி மழுப்பிய அந்த மிச்ச நேரத்தில் பிள்ளைகள் நோண்டிக்கொண்டிருந்தது இதைத்தான்.

சந்தோஷப்பட்டேன் என்று நினைக்கிறீர்களா? முதலில் எனக்கு வந்தது சந்தேகம்தான். என் சார்பில் லீவு அனுமதிக்க வசதியாகச் சசியிடம் என் கணக்கைத் திறந்துவிட்டிருந்தேன், அந்த வழியாகத்தான் போட்டிருக்கிறான். என் வாயை அடைக்கவா? நாளைக்கு என்னை மாட்டிவைக்கவா? உடனே கூப்பிட்டேன்.

“என்ன சசி இது, எனக்கு லஞ்சமா?”

“ஐயோ, இல்லைங்க அக்கா!”

“அப்புறம்?”

“ஒங்களுக்குக் கொறையுதுன்னு பார்த்தோம். அவ்வளவுதாங்க.”

 அவனே தொடர்ந்து, “சந்தேகப்படணும்னா படுங்க அக்கா, பரவாயில்ல. தராசு வந்திருச்சு. வரிசையில நில்லுங்க” என்றான்.

போனை வைத்துவிட்டு அழுதேன். திவ்யா வந்து என்னவென்று கேட்டாள். கொழுந்தைப் பற்றி, மடுவத்தைப் பற்றி, இரண்டு கை அள்ளிப் போடுவதைப் பற்றியெல்லாம் சொன்னேன். இதுவரை அவளுக்கு நான் சொன்னதே இல்லை. கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “நம்ம பாட்டி தராசையே பாத்துக்கிட்டு நிப்பாங்களா?” என்று தமிழில் கேட்டாள். வீட்டில் விருந்தாளி யாரும் இல்லை.

8

குழுக் கூட்டத்தில் கிரஹாம் கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். பழத்தோட்டத்துக் கம்பெனி உடனே வேண்டும் என்றதாம், இன்னும் பலருக்கு விற்கலாமாம். லக்ஷ், இது எப்படித் தோன்றியது என்று கேட்டார்.

இது நான் செய்ததல்ல, ஹட்டன் பிள்ளைகள் செய்தது என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. சொன்னால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும்? அவர்களுக்கு இதற்கெல்லாம் எங்கே நேரம்? நேரம் மிஞ்சுகிறது என்றால் பாதி ஆள் போதுமே? உண்மையைச் சொன்னால் அவர்கள் தலையில்தான் விழும். வாங்கியவள் நன்றிகூடச் சொல்லக் கூடாது என்று அந்தக் காலத்துப் பெண்கள் ஏன் வைத்தார்கள் என்று அப்போது எனக்கு விளங்கியது.

“நான் வளர்ந்த வீட்டுக்கு விலாசம் இல்லை” என்றேன். அது பொய்யில்லை. எல்லோரும் மறுபடி தட்டினார்கள். அந்தத் தட்டலில் உடம்பெல்லாம் கூசியது. அடுத்தவர் பறித்ததைத் தன் பெயரில் எழுதிக்கொள்ளும் கங்காணிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டுக்கொண்டே புன்னகைத்தேன்.

“இதை நடத்த ஹட்டனில் எத்தனை பேர் வேண்டும்?” என்று கேட்டார் கிரஹாம்.

“இருக்கிற அத்தனை பேரும்.”

“பழைய டிக்கெட்டுகளையும் பார்த்துக்கொண்டா?”

“ஆமாம். ஒருத்தர் குறைந்தாலும் முடியாது” என்றேன், கண்ணை எடுக்காமல்.  அவர் எழுதிக்கொண்டார். கிளை தப்பியது. ஆளாளுக்கு எண்ணுவதும் ஹட்டனில் நின்றது.

இது எத்தனை நாளைக்கு என்று எனக்குத் தெரியாது. மெஷின் அடுத்த காலாண்டில் இன்னும் கெட்டிக்காரத்தனமாக வரும். கிரஹாமும் ஒன்றும் முட்டாள் இல்லை. பச்சையைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்.

ஆனால் திங்கட்கிழமை ஹட்டனோடு நடக்கும் வாரக் கூட்டத்துக்கு நேரத்தோடு போய் உட்கார்ந்தேன். திரையில் எல்லா முகமும் இருந்தது. வழக்கமாக, போன வாரக் கணக்கைச் சொல்லுங்கள் என்றுதான் ஆரம்பிப்பேன். வருடக்கணக்காக அப்படித்தான். அன்று மைக்கைத் திறந்துவிட்டு ஒரு கணம் தயங்கினேன். 

“யாருக்குக் கொறையுது?” என்றேன்.

ஒருத்தரும் அசையவில்லை. சசி தலையைக் குனிந்துகொண்டான். ஏதோ பொறி வைக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். கீழே இரும்புக்கடையில் கம்பி வெட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் காத்திருந்தேன்.

கடைசி வரிசையில் ஒரு கை மெல்ல உயர்ந்தது. இத்தனை மாதத்தில் கூட்டத்தில் ஒரு தடவைகூட வாயைத் திறக்காத வசந்தா.

“எனக்குங்க அக்கா” என்றாள்.